வீட்டில் தைக்கும் நர்சிங் பேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் கொடுக்கும் தாய்மார்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் வட்டமான துணிப் பேடைத்தான் இங்கே சொல்கிறேன். என் மகள் பிறந்த 2017-இல் எனக்காகத் தைக்க ஆரம்பித்தேன். அப்புறம் பினாங்கில் எங்கள் ஃபிளாட்டில் பிள்ளை பெற்ற ஒவ்வொருவருக்கும் தைத்துக் கொடுத்தேன், தைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். அப்போது என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

மருந்துக் கடையில் தூக்கி எறியும் பேட் கிடைக்கிறதே, ஏன் சிரமப்பட்டுத் தைக்க வேண்டும்?

அதை வாங்கி வைப்பதில் தவறில்லை. மருத்துவமனைப் பையில் நானும் ஒரு பெட்டி வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பேடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உண்டு. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலே வேர்க்கிற ஊர் நம்முடையது. பால் ஒரு பக்கம், வேர்வை ஒரு பக்கம், நடுவில் காற்றே போகாத படலம். காம்புத் தோல் ஊறி வெளுத்துப் போய்விடும். ஏற்கெனவே புண் இருந்தால் பேட் அதில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உயிர் போகும். பழகிய பருத்தித் துணியில் இந்தத் தொல்லை குறைவு. தினமும் குப்பையில் போடும் செலவும் இல்லை.

எல்லாருக்கும் இது தேவைப்படுமா?

இல்லை. சிலருக்கு ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஒழுகாவிட்டால் பால் குறைவு என்று பயப்படவும் வேண்டாம். ஒழுகுவதற்கும் சுரப்பதற்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. சிலருக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே சீம்பால் கசியும். பிள்ளை பிறந்த முதல் ஆறு முதல் பத்து வாரம் வரை பலருக்கு அதிகமாக ஒழுகும். குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கமும் சொட்டும். அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகுரல் கேட்டால்கூடப் போதும், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கிவிடும். உடம்பு குழந்தையின் தேவைக்கு ஏற்பப் பழகிய பின் பெரும்பாலும் தானாகவே குறையும்.

எத்தனை ஜோடி தைக்க வேண்டும்?

தினமும் துவைப்பவருக்கு எட்டு ஜோடி போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைத்தால் பன்னிரண்டு. முதலில் நான்கு தைத்து ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள், மீதியை அப்புறம் தைக்கலாம். மொத்தமாகத் தைத்துவிட்டு அளவு சரியில்லை என்று பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் பின்பக்கத்துக்கு பி.யு.எல் துணி கட்டாயம் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பி.யு.எல் என்பது பாலியஸ்டர் துணியின் ஒரு பக்கம் பாலியுரித்தேன் படலம் ஒட்டியது. தண்ணீர் வெளியே வராது. வெளிநாட்டுக்காரர்கள் அதன்மேல் கனமான ஹெம்ப் அல்லது மூங்கில் துணியை மூன்று நான்கு அடுக்கு வைத்து, விளிம்பை மூடித் தைத்துவிடுவார்கள். காற்று வறண்டிருக்கிற ஊரில், சூடேற்றும் கருவி ஓடும் வீட்டில் அது காய்ந்துவிடும். நானும் அந்த முறையில்தான் முதல் ஆறு ஜோடி தைத்தேன்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த பெருவெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். என் மகளுக்கு அப்போது ஒரு மாதம்கூட நிறையவில்லை. எங்கள் வீடு ஐந்தாவது மாடி, தண்ணீர் வரவில்லை, ஆனால் மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி இல்லை, வாஷிங் மெஷின் இல்லை. கையால் துவைத்துப் போட்ட அந்தக் கனமான பேடுகள் மூன்றாம் நாளும் நடுவில் ஈரமாகவே இருந்தன. புளித்த வாடை வேறு. வேறு வழியில்லாமல் அரைகுறையாகக் காய்ந்ததையே வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் தோல் சிவந்து அரிப்பெடுத்துவிட்டது.

என் மாமியார்தான் பீரோவைத் திறந்து மாமனாரின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து, நான்காக மடித்துக் கொடுத்தார். "எங்க காலத்துல எஸ்டேட்ல இதாம்மா" என்றார். நனைந்ததும் மாற்றினேன், அலசி விரித்துப் போட்டேன். அந்த மழையிலும் ஜன்னலோரக் கொடியில் அரை நாளில் காய்ந்தது. ஒரே மெல்லிய துணி என்பதால் காற்று உள்ளே புகுந்துவிடுகிறது.

அன்றிலிருந்து நான் தைக்கும் பேட் எல்லாமே பிரித்துக் காயவைக்கக்கூடியவைதான். தலையணை உறைபோல ஓர் உறை, உள்ளே தனியாக எடுத்துப் போடும் உறிஞ்சுதுணி. எவ்வளவு பால் தாங்கும் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதைத்தான் இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

இருந்தாலும் பி.யு.எல் போட்ட ஒன்றிரண்டு ஜோடி கைவசம் இருக்கட்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகிறீர்கள், கூட்டத்தில் மணிக்கணக்கில் மாற்ற இடமில்லை என்றால் அது உதவும். வீடு திரும்பியதும் எடுத்துவிடுங்கள். வெளிப்பக்கத்துக்கு மெல்லிய போலார் ஃபிளீஸ் துணி போடுவது நடுவழி: பாலைச் சற்று நேரம் தடுக்கும், காற்றும் போகும்.

என்ன துணி வாங்குவது, எங்கே கிடைக்கும்?

முதலில் வீட்டைத் தேடுங்கள். தோலில் படும் பக்கத்துக்குப் பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய வேட்டி, பருத்திச் சேலை, பனியன் துணி எல்லாம் அருமையானவை. சாயமும் கஞ்சியும் எப்போதோ போயிருக்கும். வெள்ளை அல்லது வெளிர்நிறமாக இருந்தால் நல்லது. காம்பில் வெடிப்பு இருந்து ரத்தம் பட்டால், அல்லது பாலின் நிறம் மாறினால் உடனே கண்ணில் படும்.

உறிஞ்சுதுணிக்குப் பருத்தி ஃபிளானல், குழந்தைக்குக் கட்டும் பருத்தி லாம்பின், மெல்லிய பருத்தித் துண்டு ஆகியவை சரி. காப்பிக்கடைகளில் தோளில் போட்டிருப்பார்களே, அந்தக் குட் மார்னிங் துண்டைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். மெல்லியது, நன்றாக உறிஞ்சும், சீக்கிரம் காயும். மைக்ரோஃபைபர் துணி வேகமாக உறிஞ்சும், ஆனால் தோலின் ஈரப்பசையையும் இழுத்து வறளவைக்கும். அதைத் தோலில் நேராகப் படவிடாதீர்கள்.

பின்பக்கத்துக்கு எந்தப் பருத்தித் துணியும் ஆகும். பாஜு கூரோங் என்ற மலாய் உடை தைத்த மிச்சம், குழந்தைச் சட்டை தைத்த மிச்சம், எதுவானாலும் சரி. பாத்தேக் துணி என்றால் சாயம் போவது நிற்கும்வரை தனியாகத் துவைத்துவிடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவின் லெபோ பசார், லெபோ குவீன் பக்கம் போகலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு மஸ்ஜித் இந்தியாவும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் இருக்கின்றன. கடைக்காரரிடம் துண்டுத் துணி இருக்கிறதா என்று கேளுங்கள். சுருளின் கடைசியில் மிஞ்சும் அரை மீட்டர், முக்கால் மீட்டர் நமக்குத் தாராளம்.

அரை மீட்டரில் எத்தனை வரும்?

110 செ.மீ. அகலத் துணியில் அரை மீட்டர் எடுத்தால் 13 செ.மீ. வட்டம் ஒரு வரிசைக்கு 8, மூன்று வரிசைக்கு 24. நான் சொல்லும் உறைக்கு மூன்று வட்டம் வேண்டும். ஆக 8 உறை, அதாவது 4 ஜோடி.

பருத்தி என்று விற்கிறார்கள், எப்படி நம்புவது?

ஓரத்திலிருந்து நான்கைந்து நூல் உருவி, கழுவுதொட்டி மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும், மெல்லிய சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பாக, கெட்டியான மணிபோல் சுருண்டுவிடும்.

வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆக வேண்டுமா?

ஆமாம். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பருத்தி முதல் சலவையில் சுருங்கும், ஃபிளானலும் துண்டுத் துணியும் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். தைத்த பிறகு உள்துணி மட்டும் சுருங்கினால் பேட் கிண்ணம்போல் வளைந்துவிடும். புதுத் துணியில் கஞ்சிப்பசையும் இருக்கும், அது போகாமல் துணி தண்ணீரைக் குடிக்காது. சுடுதண்ணீரில் இரண்டு முறையாவது துவைத்துக் காயவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் சேர்க்க வேண்டாம். அது நூலின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

சரி, எப்படித் தைப்பது?

பழைய சிடி ஒன்றைத் தேடி எடுங்கள். அதன் விட்டம் சரியாக 12 செ.மீ. அட்டையில் வைத்து, சுற்றிலும் அரை செ.மீ. வெளியே தள்ளி வரைந்தால் 13 செ.மீ. வட்டம் கிடைக்கும், அது உறைக்கு. முக்கால் செ.மீ. உள்ளே தள்ளி வரைந்தால் 10.5 செ.மீ., அது உறிஞ்சுதுணிக்கு. மார்பு பெரிதாக உள்ளவர்களும் இரவில் அதிகம் ஒழுகுபவர்களும் இரண்டையும் 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு பேடுக்கு முன்பக்கம் ஒரு முழு வட்டம். பின்பக்கத்துக்கு இரண்டு வட்டங்கள். பின்பக்க வட்டத்தைப் பாதியாக மடித்துத் தடம் எடுத்து, விரித்து, அந்தத் தடத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி நேராக வெட்டிப் பெரிய துண்டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வட்டத்திலும் இப்படியே. வெட்டிய நேர் ஓரத்தை அரை செ.மீ. வீதம் இருமுறை மடித்துத் தைத்துவிடுங்கள்.

இப்போது முன்பக்க வட்டத்தை நல்ல பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வையுங்கள். அதன்மேல் இரண்டு பின்துண்டுகளையும் நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி, வட்டத்தின் ஓரத்தோடு ஓரம் பொருத்தி வையுங்கள். நடுவில் ஒன்றன்மேல் ஒன்று 4 செ.மீ. ஏறி நிற்கும், அதுதான் உறையின் வாய். சுற்றிலும் ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே தள்ளி ஒரே ஓட்டமாகத் தையுங்கள். வாய் ஏறியிருக்கும் இரண்டு இடத்திலும் முன்னும் பின்னும் தைத்துப் பலப்படுத்துங்கள், இழுபடுவது அங்கேதான். தையலுக்கு வெளியே உள்ள துணியில் 1 செ.மீ. இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன வெட்டுக் கொடுங்கள், தையலைத் தொட்டுவிடக் கூடாது. இந்த வெட்டு இல்லாவிட்டால் திருப்பிய பின் வட்டம் வட்டமாக நிற்காது. வாய் வழியாகத் திருப்பி, விரலால் ஓரத்தை நீவி, இஸ்திரி போடுங்கள். கைத்தையலால் மூட வேண்டிய இடைவெளி எதுவும் இல்லை என்பதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்தது.

உறிஞ்சுதுணிக்குப் பகலுக்கு இரண்டு அடுக்கு, துண்டுத் துணியானால் ஒன்றுகூடப் போதும். ஓரத்தை ஜிக்ஜாக் தையலால் சுற்றுங்கள். இரவில் இரண்டு உறிஞ்சுதுணியை ஒரே உறைக்குள் போட்டுக்கொள்ளலாம். அணியும்போது வாய் உள்ள பக்கம் உள்ளாடையைப் பார்க்க வேண்டும், வழவழப்பான பக்கம் தோலில் பட வேண்டும்.

எங்கள் வீட்டில் பாட்டியின் கால்மிதி மெஷின்தான் இருக்கிறது. ஜிக்ஜாக் வராதே?

உறைக்கு நேர்த்தையலே போதும். உறிஞ்சுதுணியின் ஓரத்தில் 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு சுற்று நேர்த்தையல் போட்டுவிடுங்கள். கொஞ்சம் பிசிறு வந்தாலும் உறைக்குள்தானே இருக்கிறது. மெஷினே இல்லாவிட்டால் கையால் நெருக்கமாகப் பின்தையல் போடலாம். ஒரு பேடுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும்.

நூல், ஊசி?

பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் ஈரத்தைத் தையல் வழியாக வெளியே கடத்திவிடும். வேட்டி, ஃபிளானலுக்கு 80/12 ஊசி. பனியன் துணிக்கும் பி.யு.எல்லுக்கும் முனை மழுங்கிய 75/11 ஊசி. பி.யு.எல்லில் குண்டூசி குத்தவே கூடாது, குத்திய துளை வழியாக ஒழுகும். துணி கவ்விகளால் பிடித்துக்கொண்டு, தையலையும் 3 மி.மீ. நீளத்துக்கு வைத்துத் தையுங்கள்.

தைத்தது போதுமான அளவு உறிஞ்சுமா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு டீஸ்பூன் 5 மி.லி. தட்டில் காகிதம் விரித்து, பேடை வைத்து, டீஸ்பூன் டீஸ்பூனாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் மேலே உருண்டு நின்றால் துணியில் இன்னும் பசை இருக்கிறது, மறுபடி துவையுங்கள். எத்தனையாவது கரண்டியில் காகிதம் நனைகிறதோ அதுதான் உங்கள் பேடின் கணக்கு. என் பகல்நேரப் பேட் நான்கு கரண்டி வரை தாங்குகிறது.

சட்டைக்கு வெளியே வட்டமாகத் தெரிகிறது, கூச்சமாக இருக்கிறது.

அடுக்கைக் குறையுங்கள். ஓரத்தை இஸ்திரியால் நன்றாக அமுக்குங்கள். வெளிர் உடைக்கு வெள்ளைப் பேடைவிடத் தோலின் நிறத்தை ஒட்டிய பின்துணி குறைவாகத் தெரியும். இன்னொன்று, இறுக்கமான உள்ளாடைக்குள் தடிமனான பேடைத் திணிக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பால் கட்டிக்கொள்ளக்கூடும்.

எப்படித் துவைப்பது?

கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முதலிலேயே சுடுதண்ணீர் ஊற்றினால் பாலின் புரதம் துணியில் பிடித்துக் கறையாகிவிடும். பால் போன பிறகு சாதாரணச் சலவைத் தூளில் மற்றத் துணியோடு போடலாம். சின்ன வலைப்பையில் போட்டால் மெஷினில் தொலையாது. உறிஞ்சுதுணியை மட்டும் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைக்கிறேன். பருத்தி அதைத் தாங்கும். பி.யு.எல் தாங்காது, படலம் உரிந்துவிடும்.

காம்புக்கு லனோலின் களிம்போ தேங்காய் எண்ணெயோ தடவுபவர்களின் பேட் நாளாவட்டத்தில் உறிஞ்சாமல் போகும். எண்ணெய் படிந்ததுதான் காரணம். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்துச் சுடுதண்ணீரில் அலசினால் சரியாகும்.

மழைக்காலத்தில் காய்வதே இல்லையே?

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இதே கவலைதான். உறையையும் உறிஞ்சுதுணியையும் பிரித்து, தனித்தனியாகக் கொடியில் போட்டு, நேராக மின்விசிறியை வையுங்கள். அவசரம் என்றால் காய்ந்த துண்டில் சுருட்டி மிதித்துப் பிழிந்து, மீதி ஈரத்தை இஸ்திரியால் போக்கலாம். துணி நிறையச் சேர்ந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் சுயசேவை டோபிக்கு எடுத்துப் போய் உலர்த்தியில் போடுங்கள். கையால் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அதைப் போட வேண்டாம். வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரமாவது வெயிலில் போடுங்கள். பால் கறையும் வெளுத்துவிடும்.

அரிப்பும் எரிச்சலும் இருக்கிறது. பேடினாலா?

ஈரப் பேடை நீண்ட நேரம் வைத்திருந்தாலோ சோப்பு சரியாகப் போகாவிட்டாலோ தோல் சிவக்கும். அடிக்கடி மாற்றி, பால் கொடுத்ததும் காம்பைச் சற்று நேரம் காற்றாட விட்டால் ஓரிரு நாளில் குறைய வேண்டும். ஆனால் பால் கொடுத்த பிறகு இரண்டு பக்கமும் சுருக்கென்று எரியும் வலி வந்தாலோ, குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அது ஈரத்தில் வளரும். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும், பேடுகளைத் தினமும் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும்.

மார்பில் ஓர் இடம் சிவந்து கல்லாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பிரசவத்துக்குப் பின் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தாதி வீட்டுக்கு வருவாரே, அவரிடம் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

பிள்ளை பிறக்கும் முன் எதையும் தைத்து வைக்கக் கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்வது?

அவர் மனம் நோக வேண்டாம். துணியைத் துவைத்து, வட்டமாக வெட்டி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தைப்பதைப் பிறந்த பிறகு உங்கள் அம்மாவோ அக்காவோ பார்த்துக்கொள்ளட்டும், ஒரே நாள் வேலைதான். எங்கள் பக்கத்து வீட்டில் இதைச் சொன்னபோது அந்த மாமியாரே, "இது பிள்ளைக்கு இல்லையே, பெத்தவளுக்குத்தானே" என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது?

2023 ஜனவரி 1 முதல் மலேசியத் தனியார் துறையில் விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அதனால் வேலைக்குத் திரும்பும்போது பலருக்கு ஒழுகுவது ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் மணிக்கணக்கில் பால் எடுக்காமல் இருந்தால் மறுபடி ஒழுகும். மூன்று ஜோடி, ஈரமானதைப் போட ஒரு ஜிப் பை, பூப்போட்ட அடர்நிறச் சட்டை ஒன்று, இவை கைப்பையில் இருக்கட்டும். கூட்டத்தின் நடுவே திடீரென்று பால் இறங்குவது தெரிந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு மார்பை மெதுவாக அழுத்துங்கள், நிற்கும். பிறந்த முதல் சில வாரங்களில் மட்டும் இதை அடிக்கடி செய்ய வேண்டாம்.

பரிசாகத் தைத்துக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 1992 முதல் அதை ஒருங்கிணைக்கும் வாபா (WABA) என்ற உலகளாவிய தாய்ப்பால் ஆதரவு அமைப்பின் தலைமைச் செயலகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது. நான் ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்துக்கென்று பத்து ஜோடி தைத்து, எங்கள் ஃபிளாட்டில் அந்த ஆண்டு பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிறேன். கொடுக்கும் முன் துவைத்துவிடுங்கள். என்ன துணி, கொதிக்கவைக்கலாமா என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பால் மறக்கடித்த பிறகு இவற்றை என்ன செய்வது?

உறை கிழியாமல் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்கலாம். இன்னொருவருக்குக் கொடுப்பதானால் உறையைக் கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்து, உறிஞ்சுதுணியைப் புதிதாக வெட்டிப் போட்டுக் கொடுங்கள். என்னுடைய உறைகளில் நான்கு ஜோடி இப்போது சுங்கை பட்டாணியில் என் நாத்தனாரிடம் இருக்கின்றன. முன்பக்கம் மாமனாரின் அதே வேட்டித் துணிதான்.